கோழிக்கறிக்குள் ஓர் ஆணி

போன வருடம் இத்தாலியின் பலெர்மோவிலிருந்து எங்கள் தமிழ்க் கோயில் பங்கு மக்கள் சேர்ந்து ஒரு பழைய இரும்பு ஊரைப் பார்க்கப் போனோம். மலைச் சரிவில் இருக்கிறது. இரும்பு உருக்கிய உலை, கூரையில்லாத வீடுகள், கொல்லர்கள் அடித்துக் குவித்த ஆணிகள், எல்லாவற்றையும் வேலி போட்டுக் காக்கிறார்கள். எதையும் எடுக்க வேண்டாம் என்று காவலர் மூன்று தடவை சொன்னார். மொண்டெல்லோவில், சிஞ்ஞோரா என்று நான் கூப்பிடும் இத்தாலிய அம்மா வீட்டில் வேலை செய்யும் நான் தினமும் கேட்கிற பேச்சுத்தான், எரிச்சல் வந்தது.

மதியம் வாசலருகே சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தேன். கோழிக்கறிக்குள் கிடந்த துருப்பிடித்த ஆணியை எடுத்து மேசையில் வைத்தேன். இறைச்சி கொண்டு வெளியே போனால் பேய் பின்னால் வருமாம். கூடவே இரும்பு இருந்தால் அண்டாதாம். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள்தான் நான். ஆனாலும் இந்தப் பழக்கத்தை விட மனம் வரவில்லை.

காவலர் அதைக் கண்டுவிட்டார்.

"சிஞ்ஞோரா, இது உள்ளே இருந்த ஆணி."

"வீட்டிலிருந்து கொண்டுவந்தேன்."

"சாப்பாட்டோடு ஆணியா?" என்று கேட்டு, போலீசைக் கூப்பிடக் கைபேசியை எடுத்தார்.

 அடுத்த வாரம் பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க, குவெஸ்தூரா என்கிற போலீஸ் தலைமையகத்துக்குப் போகவேண்டும். களவுக் குற்றத்தோடு போனால் இந்த நாட்டில் இருக்க யார் அனுமதி தருவார்கள்? உண்மையைச் சொல்லலாமென்றால் பக்கத்தில் எங்கள் பங்குத் தந்தை நிற்கிறார். பேய் பிசாசு நம்பிக்கைகளை விடச் சொல்லிப் போன ஞாயிறுதான் பிரசங்கம் வைத்தார். அன்றைக்கு நன்றாகத் தலையாட்டியவள் நான்.

வேறு வழியில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னேன். காவலர் நம்பவில்லை.

அப்போது, பலெர்மோவின் சீசா பகுதியில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருப்பவள் எழுந்து வந்தாள். துணி காயப்போடுவதில் தொடங்கி எல்லாவற்றுக்கும் என்னோடு சண்டை பிடிக்கிறவள்.

"பாதர், அக்கா பொய் சொல்லேல்லை. இஞ்சை பாருங்கோ!"

அவளுடைய ஆட்டுக்கறிக்குள்ளும் ஓர் ஆணி. மற்றப் பெண்களும் ஒவ்வொருத்தியாகப் பெட்டியைத் திறந்தார்கள். மேசையில் ஆறு ஆணிகள் சேர்ந்தன, ஒரு பழைய சாவியும். காவலர் வாய்விட்டுச் சிரித்து, கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டார். அப்பாடா! எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மேல்மாடிக்காரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

பாதர் மட்டும் சிரிக்கவில்லை. இனித்தான் ஏச்சு விழப்போகிறது என்று எல்லோரும் அடங்கிப்போனோம். அவர் தாமே சமைத்துக் கொண்டுவந்த மாட்டிறைச்சிக் கறியைத் திறந்து, கரண்டியால் கிளறினார். கறிக்குள் இரும்பு தட்டுப்பட்ட சத்தம் கேட்டது.

"இதையும் அதோடை வையுங்கோ," என்றார்.