அக்கா தோளில் போட்ட வார்

எங்கள் அக்கா இல்லாமல் ஓராண்டு போய்விட்டது. நினைவு நாளுக்கு நல்லதாக நாலு வரி எழுதித் தரச் சொல்லி உறவினர்கள் தங்கை என்னிடம் கேட்டார்கள். நடந்ததை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது ஆரணியில், பட்டுத்தறி ஓடிய வீட்டில். இருபது வயதில் சேவூரில் ஸ்டூடியோ வைத்திருந்தவருக்கு வாழ்க்கைப்பட்டார். ஆறாம் ஆண்டு கணவர் காய்ச்சலில் இறந்துபோக, அக்கா கேமராவைக் கையில் எடுத்தார். பிள்ளைகள் இல்லை. உறவில் எந்தக் கல்யாணம் என்றாலும் அவரைத்தான் கூப்பிட்டோம். படம் மட்டும் வேண்டும். தாலி கட்டும்போது கணவரை இழந்தவர் மேடையில் நிற்கக் கூடாது. என் கல்யாணத்திலும் அப்படித்தான். மாமியாரின் முகத்தைப் பார்த்துவிட்டு நானே போய்ச் சொன்னேன்.

"அக்கா, நீ கீழ நின்னே எடுத்துடேன்."

"சரி" என்று இறங்கிப் போனார்.

கீழே நின்று எடுக்க நீளமான லென்ஸ் வேண்டும். அது நல்ல கனம். கேமராவோடு வந்த மெல்லிய வார், விடியற்காலையிலிருந்து பந்தி முடியும்வரை கழுத்தை அறுக்கும். வேர்வை பட்டுப் புண்ணாகும். சில ஆண்டுகளில் கழுத்து நரம்பு அழுந்தி வலது கை விரல்கள் மரத்துப்போயின. கழுத்தில் எதையும் தொங்கவிடக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

புது வார் வாங்க வேலூருக்குப் போனபோது நானும் கூடப் போனேன். கடைக்காரர் பளபளப்பான தோல் வார் ஒன்றை எடுத்துப் போட்டார். "சாருக்கு நல்லா எடுப்பா இருக்கும் மேடம்."

"எனக்குத்தாங்க. எடுப்பெல்லாம் வேணாம், கழுத்து தப்பிச்சா போதும்."

ஒவ்வொன்றிலும் தன் கேமராவையே மாட்டி, குனிந்து நிமிர்ந்து, கடைப் படியில் ஏறி இறங்கிப் பார்த்தார். நைலான் வார் தோளில் நிற்காமல் வழுக்கியது. கடைசியில், இடது தோளிலிருந்து வலது இடுப்புக்குக் குறுக்காகப் போடும் அகலமான வார் ஒன்றை எடுத்தார். தோளில் மெத்தை, அடியில் வழுக்காத ரப்பர், இரட்டைத் தையல், திருகிப் பூட்டும் இரும்புக் கொக்கி. ஒவ்வொரு வேலைக்குப் போகும் முன்பும் அந்தக் கொக்கியை இழுத்துப் பார்ப்பார்.

முந்தானையை வார் இழுத்ததால் புடவையை விட்டு சுடிதாருக்கு மாறினார். "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்று நம் வீடுகளில் கேட்டார்கள். கழுத்து எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

விரல்களுக்கு உணர்வு திரும்பியது. ஓராண்டு வலியில்லாமல் வேலை செய்தார்.

அப்புறம் போளூரில் பெரிய மாமா மகளின் கல்யாணம். முகூர்த்த நேரத்தில் எல்லோரும் செல்போனைத் தூக்கிக்கொண்டு மேடையை மறைத்துவிட்டார்கள். படம் தவறிவிடுமே என்று அக்கா இரண்டு படி ஏறினார். பெரிய மாமா பின்னாலிருந்து வாரைப் பிடித்து இழுத்தார்.

"எறங்கு! நல்ல நேரத்துல எங்க ஏறிகினு போறே?"

வார் அறுந்துபோகவில்லை. கொக்கியும் விடவில்லை. கேமராவை மார்போடு அணைத்தபடி அக்கா கீழே விழுந்தார். நான் முதல் வரிசையில் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எழவில்லை. சமையல்கட்டிலிருந்து ஓர் அம்மா ஓடிவந்து தூக்கிவிட்டார். அக்கா நின்று, தலைகளுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் தாலி கட்டுவதை எடுத்தார். ஆல்பம் பிரமாதம் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

தோள்மூட்டு விலகியிருந்தது. அதன்பின் அந்த லென்ஸை அவரால் தூக்க முடியவில்லை. ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படம் மட்டும் எடுத்தார். வேளாவேளைக்கு வலி மாத்திரை. கடைசியில் சிறுநீரகம் கெட்டது. மருத்துவமனையில் ஒரு மதியம் என்னைக் கேட்டார்.

"போளூர்ல நீ முன்னாடிதான உக்காந்துகினு இருந்தே?"

"ஆமாக்கா."

வேறெதுவும் கேட்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஒன்பதாம் நாள் உயிர் பிரிந்தது.

அன்று மண்டபத்தில் அக்காவைத் தூக்கிவிட்ட, பெயர் தெரியாத அந்தச் சமையல்கார அம்மாவுக்கு முதல் நன்றி. கையில் கட்டோடு இருந்த நாட்களில் தினமும் தலை வாரிப் பின்னிவிட்ட பக்கத்துத் தையல்கடைப் பெண்மணிக்கும், டயாலிசிஸுக்குப் போகும் நாட்களில் வேலூர் பேருந்தில் இடம் பிடித்து வைத்த நடத்துனருக்கும், கடைசிவரை கைப்பிடித்திருந்த செவிலியருக்கும் நன்றி.

இந்தப் பட்டியலில் உறவினர் ஒருவரும் இல்லை. தங்கையும் இல்லை.