டீச்சரின் வலது கால்

டீச்சரைவிட டீச்சரின் வலது கால்தான் அந்த ஊரில் பிரபலம் என்பதால், முதலில் அதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவள் அவள். பள்ளி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவரில் சாலைக் குறியீடுகள் அச்சடித்த அட்டை, வாசலில் எல் போர்டு மாட்டிய வெள்ளைக் கார். அந்தக் காரில் ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்காரும் டீச்சருக்கு ஒரு பிரேக். எதிரே லாரி வந்தால் கண்ணை மூடிக்கொள்கிற பல் டாக்டரும், வலது பக்கம் என்றால் இடது பக்கம் திரும்பிவிட்டுப் பல்லிளிக்கிற மளிகைக்கடைக்காரரும் இன்று உயிரோடு நடமாடுவது அந்தக் காலின் புண்ணியம். ஊரே அவளை பிரேக் டீச்சர் என்றுதான் கூப்பிட்டது.

வேலை முடிந்தால் காலும் சும்மா இருக்க வேண்டாமா? இருக்காது. பஸ்ஸில் போனால் தரையை மிதிக்கும். சினிமாவில் எவனாவது வண்டியை விரட்டினால் முன் சீட்டுக்காரரின் முதுகு வரைக்கும் போகும். தூக்கத்தில் மிதித்து மிதித்துப் போர்வையைக் கட்டிலுக்கு வெளியே தள்ளிவிடும்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. சிரிக்க முடியாதது ஒன்று உண்டு. டீச்சரின் ஒரே மகள், பதினெட்டு முடிந்த கையோடு அம்மாவிடமே கார் கற்றுக்கொள்ள உட்கார்ந்தாள். ஈ காக்கா இல்லாத சாலை. நன்றாகத்தான் ஓட்டினாள். ஆனாலும் டீச்சரின் கால் மிதித்தது. வண்டி குலுங்கி நின்றது. மறுபடி எடுத்தாள், மறுபடி மிதித்தது. மூன்றாவது தடவை அந்தப் பெண் இறங்கினாள், கதவைக்கூடச் சாத்தாமல் வீட்டுக்கு நடந்தே போய்விட்டாள். அடுத்த வாரமே எதிர்த்தெருப் போட்டிப் பள்ளியில் சேர்ந்து லைசென்ஸும் வாங்கினாள். ஊர் சிரித்த சிரிப்பில் டீச்சர் கொஞ்ச நாள் கடைத்தெருப் பக்கமே தலைகாட்டவில்லை.

அதன்பிறகு மகள் யாரையெல்லாமோ ஏற்றிக்கொண்டு ஓட்டினாள். அம்மாவிடம் மட்டும் ஒரே பேச்சு.

"நீ பின்னாடி உக்காந்தா ஓட்டறேன். முன்னாடின்னா மாட்டேன்."

"பின் சீட்டா? நானா?"

அம்மாவும் பிடிவாதக்காரி, பெண்ணும் பிடிவாதக்காரி. பெண் ஓட்டுகிற வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவையாவது போய்விட வேண்டும் என்று டீச்சருக்குக் கொள்ளை ஆசை. வாய் திறந்து கேட்டால் கௌரவம் என்னாவது? இப்படியே வருஷங்கள் ஓடின.

கடைசியில் முட்டிதான் முந்திக்கொண்டது. படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "மிதிச்சு மிதிச்சே முட்டியைக் கெடுத்து வச்சிருக்கீங்க. கொஞ்ச நாள் பிரேக் பக்கமே போகாதீங்க. சைக்கிள் வேணும்னா ஓட்டுங்க, முட்டிக்கு நல்லது" என்றார். டீச்சர் பெரிய மனுஷியாகத் தலையாட்டிவிட்டு வந்தாள். தனக்குச் சைக்கிள் தெரியாது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் மகள் லீவு போட்டாள். படகில் போகிற தூரத்தில் ஒரு தீவு விடுதியில் அறை எடுத்தாள்.

"அங்க காரே கிடையாதும்மா. நீ மிதிக்கணும்னு நெனச்சாலும் மிதிக்க ஒண்ணும் இல்ல."

படகுத்துறை வரைக்கும் யார் ஓட்டுவது என்பதில் வழக்கம்போல் மல்லுக்கட்டு. முட்டி வலியோடு டீச்சரே ஓட்டினாள். மகள் டாக்ஸியில் வந்தவள் மாதிரிப் பின் சீட்டில் உட்கார்ந்து வந்தாள்.

தீவில் இறங்கியதும் பெட்டிகளைத் தள்ளுவண்டிக்காரர் வாங்கிக்கொண்டார். சின்ன அறை. சுண்ணாம்பு அடித்த சுவர், கடலைப் பார்த்த ஜன்னல், இரண்டு கட்டில். காலையில் எழுந்த டீச்சருக்குக் காதில்தான் ஏதோ கோளாறு என்று தோன்றியது. ஹாரன் இல்லை, எஞ்சின் இல்லை. யாரோ வாசல் பெருக்கும் சத்தம் மூன்று வீடு தள்ளியிருந்து கேட்டது.

தெருமுனைக்குப் போனவள் பழக்கதோஷத்தில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். நடுச்சாலையில் ஒரு பூனை கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது.

"ஏய், எழுந்திரு! நடு ரோட்ல என்ன தூக்கம்?"

பூனை ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. அந்தப் பக்கமாக வந்த விடுதிக்காரம்மா சிரித்தாள். "தூங்கட்டும் விடுங்க. அதை எழுப்பற மாதிரி இங்க என்ன வந்துடப் போகுது?"

இரண்டு நாள் போன பிறகுதான் டீச்சர் கவனித்தாள். போர்வை கட்டிலிலேயே இருந்தது. கால் மிதிக்கவில்லை. அதைத் தடவிக்கொடுத்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பாவம், எத்தனை பேருக்காக உழைத்த கால்! இந்த மாதிரி ஓர் இடமும் உலகத்தில் இருக்கிறதே, இங்கே கூட்டிவர எனக்கு ஒரு பெண்ணும் இருக்கிறாளே என்று கண் கலங்கியது. அதை மகளிடம் சொன்னாளா என்றால், இல்லை.

விடுதிக்குப் பின்னால் தொடங்கும் மணற்கரை கண்ணுக்கெட்டிய தூரம் வரை நீண்டது. மறுகோடியில் நீலக் கூரை போட்ட காபிக் கடை இருப்பதாகவும், அங்கே நின்றால் இரண்டு பக்கமும் கடல் தெரிவதாகவும் மகள் தினமும் வந்து சொன்னாள். டீச்சரின் முட்டி அவ்வளவு தூரம் நடக்காது.

"சைக்கிள்ல போலாம்மா. தண்ணி உள்ள போனதும் ஈர மணல் தரை மாதிரி கெட்டியா இருக்கு."

டீச்சர் காலைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள். வேறு வழியில்லை. "எனக்கு சைக்கிள் தெரியாதுடி."

"ஊருக்கே கார் சொல்லிக்குடுத்தவ நீ!"

"கார்னா நாலு சக்கரம். நிறுத்தினா நிக்கும். இது நிறுத்தினாத்தானே விழுது!"

மகள் சிரித்துச் சிரித்து மணலில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்து முடித்ததும் எழுந்து போய் ஒரு வாடகைச் சைக்கிளோடு வந்தாள்.

பாடம் தொடங்கியது. மகள் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொள்ள, டீச்சர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

"கீழ பாக்காத. போற எடத்தைப் பாரு." இது டீச்சர் தன் மாணவர்களிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியம். "இப்ப விடப்போறேம்மா."

"விடாதே! விடாதேடி!"

"விட்டுட்டேன்."

பயம் வந்தால் அந்த வலது கால் என்ன செய்யும்? மிதித்தது. பலங்கொண்ட மட்டும் மிதித்தது. காரில் என்றால் நின்றிருக்கும். சைக்கிள் முன்னால் பாய்ந்தது. ஐயோ என்று மறுபடி மிதித்தாள், இன்னும் வேகமாகப் போனது. ஆயுசு முழுக்க அடுத்தவர்களை நிறுத்திய கால், முதல்முறையாக அவளை எங்கோ கொண்டுபோனது. காற்று முகத்தில் அடிக்க, டீச்சர் வாய்விட்டுக் கத்தினாள். பயமா சந்தோஷமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கைப்பிடியில் பிரேக் இருப்பது கடைசிவரை ஞாபகம் வரவில்லை. உலர்ந்த மணலில் சக்கரம் புதைந்து, சைக்கிளோடு மெத்தென்று சாய்ந்தாள். மகள் மூச்சிரைக்க ஓடிவந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அடி பட்டுச்சாம்மா?"

"இல்ல. நீ ஏன்டி இப்படி நடுங்கற?"

"நீ விழுந்துடுவியோன்னு உயிரே போயிடுச்சு. ஓடிவந்து பிடிச்சுக்கலாமான்னு கை துறுதுறுன்னுச்சு."

"அப்புறம் ஏன் பிடிக்கல?"

"பிடிச்சா நீ எப்பக் கத்துப்ப?"

டீச்சர் முகத்திலிருந்த மணலைத் துடைத்துக்கொண்டாள். துடைத்து முடிக்க ரொம்ப நேரமானது.

"அன்னைக்கு ரோட்ல யாருமே இல்லடி. எனக்குத்தான் பயம். நீ நல்லாத்தான் ஓட்டின."

மகள் அம்மாவின் தலையிலிருந்த மணலைத் தட்டிவிட்டாள். மறுநாள் இரண்டு பேரும் நீலக் கூரைக் கடையில், இரண்டு பக்கக் கடலையும் பார்த்துக்கொண்டு காபி குடித்தார்கள். டீச்சர் வழியில் நாலு தடவை விழுந்ததைக் கடைக்காரரிடம் பெருமையாகச் சொன்னாள்.

ஊர் திரும்பும் நாள் படகைவிட்டு இறங்கியதும் வெள்ளைக் கார் தூசி படிந்து காத்திருந்தது. டீச்சர் சாவியை மகள் கையில் கொடுத்தாள். மறுபேச்சில்லாமல் பின் கதவைத் திறந்தாள்.

"அங்க எதுக்கும்மா?" மகள் முன் கதவைத் திறந்துவிட்டாள். "முன்னாடியே உக்காரு."

டீச்சர் உட்கார்ந்தாள். பெல்ட் போட்டாள். காலடியில் அவளுடைய பிரேக் பளபளவென்று தேய்ந்து கிடந்தது. செருப்பைக் கழற்றினாள். இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டாள். முட்டி முனகியது. நோகட்டும் என்று விட்டுவிட்டாள்.

மகள் பார்த்தாள். வண்டியை எடுத்தாள்.

சாலைக்கு வந்ததும் எதிரே ஒரு லாரி வந்தது. டீச்சர் இரண்டு கையாலும் தன் வலது பாதத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தாள்.