பட்டுக்குள் மூடிய மிஷின்

முத்துலட்சுமியைச் சாது என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். தி.நகரில் எட்டு வருஷம் அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி நான். பழி வாங்க அவள் காத்திருந்த அழகு எனக்குத்தான் தெரியும்.

திருநெல்வேலிக் குடும்பம், கணவருக்கு ஜவுளிக்கடை. முப்பது வயதில் டைபாய்டு வந்து அவள் காதைக் கொண்டுபோய்விட்டது. காது கேட்க, சிகரெட் பெட்டி அளவில் ஒரு மிஷின், அதிலிருந்து காதுக்கு ஒயர். நாலு பேர் பார்ப்பார்களே என்று அதை ரவிக்கைக்குள் செருகிப் புடவையால் மூடிக்கொள்வாள். வீட்டில் நூல் புடவை என்றால் சமாளித்துவிடும். விசேஷத்துக்குப் பட்டு கட்டினால் போச்சு. அசைந்தால் சரசரப்பு, அதன்மேல் கூட்டத்து இரைச்சல், பேச்சு மட்டும் காதில் விழாது.

எழுபதாம் வருஷம் மகள் மீனாட்சியைப் பெண் பார்க்க வந்தார்கள். பட்டு கட்டிக்கொண்டு, பையனின் அம்மா கேட்டதற்கெல்லாம் பேந்தப் பேந்த விழித்துச் சிரித்தாள் முத்துலட்சுமி. அவள் நாத்தனார் பேச்சியம்மாள் அந்த அம்மாளிடம் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "பரம்பரைக் காது. பேரப்பிள்ளைக்கும் வரும்." காபி கொண்டுவந்த மீனாட்சி அதைக் கேட்டுவிட்டாள். சம்பந்தம் முறிந்தது. அன்று மகள் அதைச் சொன்னபோது முத்துலட்சுமி அழவில்லை, பல்லைக் கடித்தாள்.

மறுநாளே மிஷின் கடைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். கடைக்காரர் மெஹபூப் அலி தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா இது? காதே இந்தப் பொட்டிலதான் கீது. அதைத் துணியில மூடிக்கினு கேக்கலன்னா? வெளிய எடு. பேசறவங்க வாய்கிட்ட நீட்டு. சத்தத்துக்கு முதுகைக் காட்டிக்கினு உக்காரு."

பாண்டிபஜார் நெரிசலில் நிற்கவைத்து என்னைப் பேசச் சொல்லியே பழகினாள். வெட்கம் ஒரே மாதத்தில் ஓடிவிட்டது.

இரண்டு வருஷம் கழித்து ஒரு கல்யாண மண்டபத்தில் வேறொரு பையனின் அம்மா மீனாட்சியைப் பற்றி விசாரிக்க வந்தாள். முத்துலட்சுமி மேளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மிஷினை நீட்டி, கேட்டதற்கெல்லாம் பளிச்சென்று பதில் சொன்னாள். பேச்சியம்மாளுக்குப் பொறுக்குமா? வந்தாள், வாயைப் பொத்தினாள், அந்த அம்மாள் பக்கம் குனிந்தாள். இரண்டு முகத்துக்கும் நடுவில் மிஷின் வந்து நின்றது.

"இதுல சொல்லுங்க மதினி. நானும் கேக்கணும்."

"நான் என்னத்தச் சொல்லப்போறேன்?"

"போன தடவை பரம்பரைக் காதுன்னு சொன்னீங்களே, அதைத்தான். எனக்கு டைபாய்டு வந்தப்போ ஆஸ்பத்திரில கூட இருந்ததே நீங்கதானே மதினி? சொல்லுங்க!"

சுற்றியிருந்த பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பொத்திய கையை எடுத்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள் பேச்சியம்மாள். எனக்கு வயிறு குளிர்ந்தது. பையனின் அம்மா மிஷினைத் தன் பக்கம் இழுத்து, "பொண்ணைக் கூப்பிடுங்க" என்றாள்.

தை மாதம் கல்யாணம். முத்துலட்சுமி நாத்தனாருக்குச் சந்தனம் குங்குமம் கொடுத்துக் கூட்டிப்போய், முதல் வரிசையில், தவிலுக்கு அருகிலேயே நாற்காலி போட்டாள். காலை முழுக்கப் பேச்சியம்மாள் பக்கத்திலிருந்தவர்களிடம் எதையோ சொல்லிப் பார்த்தாள். ஒருத்தி காதிலும் ஒன்றும் ஏறவில்லை. கடைசியில் எழுந்திருக்கப் பார்த்தவளைத் தோளை அழுத்தி உட்காரவைத்தாள் முத்துலட்சுமி.

"எங்க போறீங்க மதினி? அத்தை முன்னால இருந்தாத்தானே பிள்ளைக்கு மரியாதை!"