மாசம் மூணு லட்சம் வந்த பிறகு

கல்யாணமான புதிதில் நானும் என் கணவரும் ஒரு தொகையைப் பேசி முடிவு செய்திருந்தோம். இரண்டு பேர் சம்பளமும் சேர்ந்து மாசம் ஒன்றரை லட்சம் கைக்கு வந்த பிறகுதான் குழந்தை. அப்போது பெங்களூரில் இருந்தோம், இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அதைப் பேராசை என்று நாங்கள் நினைக்கவே இல்லை. பிள்ளையைப் பெற்றால் அதற்கு ஒரு குறையும் வைக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான்.

ஒன்றரை லட்சம் வந்தது. வந்த கையோடு அது போதாது என்றும் தெரிந்தது. காருக்குத் தவணை, இன்சூரன்ஸ், வருஷத்துக்கு ஒரு தடவை மலையையோ கடலையோ பார்த்துவிட்டு வருகிற செலவு, நல்ல பள்ளிக்கூடம் என்றால் எல்.கே.ஜி.க்கே வாயைப் பிளக்க வைக்கிற கட்டணம். இரண்டு லட்சம் என்று திருத்தினோம். அப்புறம் மூன்று. வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனி சொன்னதும் கோவில்பட்டிக்கு வந்துவிட்டோம். வாடகை பாதிக்கும் கீழே இறங்கியது. அப்போதாவது தொகையைக் குறைத்திருக்கலாம். இங்கே தண்ணீர் லாரி, இன்வெர்ட்டர், இரண்டு ரூமுக்கும் ஏ.சி. என்று அதற்கும் காரணம் கண்டுபிடித்தோம். இந்த மாதிரி விஷயத்தில் நாங்கள் இரண்டு பேருமே கெட்டிக்காரர்கள்.

சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணங்களில் பக்கத்து இலையிலிருந்து கேட்பார்கள், “ஏட்டி, விசேஷம் ஒண்ணும் இல்லையா?” என்று. “பாயாசம் நல்லா இருக்கு சித்தி, இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொல்லுங்க” என்று பேச்சை மாற்றிவிடுவேன். டாக்டரம்மாவிடம் பாயாசம் எடுபடவில்லை. “முப்பத்தஞ்சு முடிஞ்சிட்டுல்லா? இன்னும் தள்ளிப் போட்டீங்கன்னா பெறவு எங்கிட்ட வந்து அழக் கூடாது” என்றார் முகத்தில் அடித்த மாதிரி. காரில் திரும்பும்போது இன்னும் ஒரே ஒரு வருஷம் பார்ப்போம் என்றார் என் கணவர். எனக்கு அழுகை முட்டியது. ஆனாலும் சரி என்றுதான் சொன்னேன்.

அந்தப் புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதூர்ப் பக்கம் இருக்கிற எங்கள் ஊருக்குப் போயிருந்தோம். என் அண்ணன் காட்டில் உளுந்து விதைத்துக்கொண்டிருந்தான். டிராக்டர் போன பக்கமெல்லாம் கரும்புழுதி. வானத்தில் பேருக்குக்கூட ஒரு மேகம் இல்லை. என் கணவருக்குக் கோயம்புத்தூர்ப் பக்கம், வாய்க்காலும் போர்வெல்லும் பார்த்து வளர்ந்தவர்.

“என்ன, உங்கண்ணன் இப்பவே விதைக்கறாரு? மழையையே காணமே?”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருப்பது அபூர்வம். விடுவேனா?

“மானாவாரின்னா அப்படித்தான். மழை பெய்யட்டும், பெறவு பாத்துக்கிடலாம்னு இருந்தா இங்கன ஒண்ணும் நடக்காது. பெஞ்ச பெறவு இந்த மண்ணு காலைப் புடிச்சு இழுத்துரும். டிராக்டர் இறங்காது. சரி, காயட்டும்னு பாத்துக்கிட்டே இருந்தா ஈரமும் போயிரும், பருவமும் போயிரும். கையில ஒண்ணும் இல்லாதப்பவே விதைச்சுரணும். மழைக்காகக் காத்துக்கிட்டு இருந்தோம்னு வைங்க…”

அதோடு என் வாய் நின்றுவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். நான் டிராக்டரைப் பார்த்தேன். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயத்தை இவ்வளவு அதிகாரமாக விளக்குகிற எனக்கு, அது என் வீட்டு விஷயமும்தான் என்பது அந்த நிமிஷம் வரை உறைக்கவில்லை. கூச்சமாக இருந்தது. சாயங்காலம் கிளம்பும்போது, “இனிமே அந்த மூணு லட்சத்தைப் பத்திப் பேச வேண்டாம்” என்றார் அவர். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லிக் குத்திக்காட்டவில்லை. அதற்காக அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது என்று எழுத ஆசைதான். ஆனால் மழை தள்ளிப் போனது. விதையில் பாதி எறும்புக்கும் புறாவுக்கும் போனது. அண்ணன் வானத்தை நன்றாக வைதுவிட்டு, மழைக்கு முந்தியே மறுபடி விதைத்தான்.

தை முடிவதற்குள் எனக்கு நாள் தள்ளிப் போயிருந்தது. ஆறாம் மாசம் என் கணவருக்கு வேலை போனது. காலையில் ஒரு வீடியோ அழைப்பு, மதியம் கம்பெனி லேப்டாப் திறக்கவில்லை. வருமானம் பாதியாகிவிட்டது. காரை விற்றோம். பயத்தில் எனக்குத் தூக்கமே போய்விட்டது, நாம் செய்தது பைத்தியக்காரத்தனம் என்று அவரிடம் கத்தவும் செய்தேன்.

கேள்விப்பட்டு அண்ணன் பைக்கில் ஒரு மூட்டை உளுந்தைக் கட்டிக்கொண்டு வந்தான். “இவ பிள்ளை பெத்து எந்திரிச்சா உளுந்தங்களி கிண்டிப் போடணும் மாப்ளே. தையில எடுத்தது, நம்ம காட்டு உளுந்து. வேலை போனா போவுது, வேற கெடைக்கும்லா” என்றான். அவனிடம் நன்றி சொன்னால் ஏட்டி கிறுக்கி என்பான். அதனால் இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

மகளுக்கு இப்போது ஒன்றரை வயது. அவருக்கு வேறு வேலை கிடைத்திருக்கிறது, பழைய சம்பளம் இல்லை. நிம்மதியாக வாழ எவ்வளவு வரும்படி வேண்டும் என்று யாராவது கேட்டால் எனக்கு இன்னும் பதில் தெரியாது. பணம் வேண்டாம் என்கிற பெரிய மனசும் கிடையாது, கொடுத்தால் வாங்கி உள்ளே வைத்துக்கொள்வேன். ஒன்று மட்டும் தெரியும். இன்னும் ஒரு வருஷம் என்று நாங்கள் இருந்திருந்தால் அந்த வருஷத்தில்தான் அவருக்கு வேலை போயிருக்கும். அதற்குப் பிறகு எங்களுக்குத் துணிச்சல் வந்திருக்காது. என் ஒருத்தி சம்பளத்தில் நாங்கள் இரண்டு பேரும் சௌகரியமாகவே இருந்திருப்போம், யார் வரவில்லை என்பதுகூடத் தெரியாமல்.