செல்லமுத்து போட்ட குழாய்

செல்லமுத்துவுக்குக் கோழி பாஷை தெரியும் என்று புதுச்சத்திரத்துப் பக்கம் சொல்வார்கள். அதில் பாதி பொய். மீதிப் பாதியையும் கிளப்பிவிட்டது அவனேதான். கொட்டகையில் ஒரு கோழி தும்மினால் போதும், கடைவீதியில் முடிவெட்டக் குந்தியிருப்பவன் காதில் அது விழுந்துவிடும். துண்டை உதறிப்போட்டுவிட்டு ஓடிவருவான். அப்படி ஓடிவந்ததில் ஒரு தடவை அரைத்தலை மொட்டையும் அரைத்தலைக் கிராப்புமாக வாரக்கணக்கில் திரிந்தான். கோழிகளே மிரண்டுபோய் அன்றைக்கு ஓடில்லாத முட்டை போட்டதாகக் கேள்வி.

பாலசுந்தரத்தின் முட்டைக்கோழிப் பண்ணையில் அவன் சூப்பர்வைசர். தீவனம், வெளிச்சம், தண்ணீர் எல்லாம் அவன் கையில். கோழி வாடினால் கால்நடை டாக்டரை எதிர்பார்த்து நிற்க மாட்டான். மருந்தை எடுத்துக்கொண்டு கொட்டகைத் தொட்டியில் ஏறிவிடுவான். கலக்கிவிட்டு இறங்கினால் மறுநாள் அத்தனையும் தலைதூக்கி நிற்கும். "ஆஸ்பத்திரியிலகூட இத்தனை பேரை ஒரே நேரத்துல எந்திரிக்க வெக்க முடியாதுங்க" என்று முதலாளியிடமே பீற்றிக்கொள்வான்.

அவன் மனைவி ராஜம்மாள். இருவரும் பண்ணைக்குள்ளேயே லைன் வீட்டில் குடியிருந்தார்கள். வந்த புதிதில் தண்ணீர் வேண்டுமென்றால் கடைக்கோடியில் இருக்கும் போர்க் கிணற்றுக்குப் போக வேண்டும். குடம் சுமந்து சுமந்தே அவளுக்கு ஒரு கரு கலைந்தது என்பது செல்லமுத்துவின் எண்ணம். அவள் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் அவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய வாரமே, கொட்டகைத் தொட்டியிலிருந்து பிளாஸ்டிக் குழாய் இழுத்து, சமையல்கட்டுக்குள் கொண்டுவந்து, பித்தளைத் திருகு ஒன்றை மாட்டிக் கொடுத்தான். கோழிக்கு ஒரு குழாய், பெண்டாட்டிக்கு ஒரு குழாய். ராஜம்மாள் அந்தத் திருகுக்குப் பொட்டு வைத்தாள். அப்புறம் பிரபா பிறந்தாள், வளர்ந்தாள், திருப்பூருக்குக் கல்யாணமாகிப் போனாள். குழாய் மட்டும் அப்படியே இருந்தது.

தொட்டியில் மருந்து கலந்த நாளில் காப்பி கசக்கும்.

"ஏனுங்க, இன்னிக்கு யாருக்குக் காச்சல்? கருப்பட்டியை அள்ளிப் போட்டும் கசக்குது."

"மூணாவது வரிசைக்காரிகளுக்கு. குடி புள்ள. கோழிக்கு நல்லதுன்னா கோழிக்காரிக்கும் நல்லதுதான்."

ஒறம்பரை என்று சொந்தபந்தம் வந்தால்கூட 'கோழிக் காப்பி' என்றே சிரித்துக்கொண்டு குடித்துவிட்டுப் போவார்கள்.

போன பங்குனியில் ராஜம்மாளுக்கு நீர்க்கடுப்பு வந்தது. இளநீர், சீரகத் தண்ணீர் எதற்கும் அடங்கவில்லை. இடுப்பில் வலி ஏறி, மாலையானால் குளிர் நடுக்கியது. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே மதுமதி என்று ஒரு இளம் டாக்டர்; நிதானமாக உட்கார்ந்து கேள்வி கேட்கிற ரகம்.

"அம்மா இதுக்கு முன்னால கிருமி மருந்து ஏதாச்சும் சாப்பிட்டிருக்காங்களா? மெடிக்கல்ல வாங்கினது, ஊசி போட்டது, எதா இருந்தாலும் சொல்லுங்க."

"ஒரு மாத்திரை போட்டதில்லைங்க அம்மிணி. முழுங்கவே தெரியாது இவளுக்கு" என்றான் செல்லமுத்து. அதில் ஒரு பெருமை இருந்தது.

"ஏன், தெரியாம என்ன" என்று ராஜம்மாள் முனகினாள்.

டாக்டர் சிரித்தார். "அப்ப சாதாரண மாத்திரையே கேக்கும். பெரிய மருந்தையெல்லாம் எடுத்த எடுப்புல குடுத்தா, பின்னால நெசமாவே வேணும்போது அது வேலை செய்யாது. நீரையும் ரத்தத்தையும் பரிசோதனைக்கு அனுப்பறேன். கிருமியை வளத்துப் பாத்துச் சொல்ல ரெண்டு மூணு நாளாகும். ஆனா ரெண்டு நாள்ல காச்சல் எறங்கலைன்னா ஒரு நிமிசம் காத்திருக்கக் கூடாது, உடனே கூட்டிட்டு வந்துரணும்."

சரியான கேள்வி, சரியான மருந்து. சொன்ன பதில் மட்டும்தான் சரியில்லை. அது பொய்யென்று சொன்னவனுக்கே தெரியாது.

வீட்டில் மாத்திரையை நுணுக்கிக் கரண்டியில் கொடுத்தான். நாக்கில் பட்டதும் ராஜம்மாள் முகத்தைச் சுளித்தாள். அப்புறம் காய்ச்சலோடு சிரித்தாள்.

"மாமா, இது நம்ம கோழிக் காப்பியில்ல?"

செல்லமுத்து அட்டையைத் திருப்பிப் பார்த்தான். பேர் வேறாக இருந்தாலும் முடிகிற எழுத்துகள் தொட்டியில் ஊற்றும் பாட்டிலில் உள்ளவைதான். ஒரே குடும்பம். அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. படித்த டாக்டரும் இதைத்தான் கொடுக்கிறார். நாற்பதாயிரம் கோழியை எழுப்பிய மருந்து ஒருத்தியை எழுப்பாதா?

அந்தத் தைரியத்தில்தான் அவன் காத்திருந்தான். இரண்டு நாள் கழிந்தும் காய்ச்சல் இறங்கவில்லை. "நல்ல மருந்து, புடிக்கட்டும்" என்றான். மூன்றாம் நாள் வாந்தி. பரிசோதனை முடிவைச் சொல்ல ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது கொட்டகைச் சத்தத்தில் அவன் காதில் விழவில்லை; தும்மல் கேட்ட அதே காது. நான்காம் நாள் காலையில் ராஜம்மாள் போர்வையை மடி மாதிரி பிடித்துக்கொண்டு, பாயிலிருந்து ஒவ்வொன்றாக எதையோ பொறுக்கி அதில் போட்டாள்.

"என்ன பண்றே புள்ள?"

"முட்டை எடுக்கறேனுங்க. நீங்க யாரு?"

ஆஸ்பத்திரிக்குள் போகும்போது அவளுக்கு நாடி நூலாக இழைந்தது. நீர் பிரிவது நின்றிருந்தது. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள்.

"சொன்னனே ஐயா, ஏன் காத்திருந்தீங்க?" மதுமதி குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

"நல்ல மருந்துங்களே அம்மிணி. எங்க பண்ணையிலயும் அதேதானுங்க ஊத்தறோம். தண்ணி கசந்தாக்கூட இவ குடிச்சுருவாளுங்க."

டாக்டரின் பேனா நின்றது. "எந்தத் தண்ணி?"

குழாய்க் கதையை அவன் சொன்னான். சொல்லச் சொல்ல அவன் குரலே அவனுக்குச் சின்னதாகிக்கொண்டு வந்தது.

"கொஞ்சங் கொஞ்சமா வருசக்கணக்கா உள்ள போனா, கிருமி முழுசாச் சாகறதில்லைங்க. பழகிக்குது. சாகறது போக மிச்சமிருக்கறது பெருகுது" என்றார் மதுமதி. "எல்லாத்துக்கும் அதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா அன்னிக்கே தெரிஞ்சிருந்தா அந்த மாத்திரையைக் குடுத்திருக்க மாட்டேன்."

"எருக்குழி ஈ மாதிரிங்களா?" என்று கேட்டான். வருடம் தவறாமல் ஈக்கு மருந்தை மாற்றுகிறவன் அவன். போன வருட மருந்தில் இந்த வருட ஈ குளித்துவிட்டுப் போகும்.

டாக்டர் தலையாட்டினார். "பரிசோதனை வந்துருச்சு. எல்லா மருந்தும் தோத்துப்போச்சு. ஒண்ணே ஒண்ணு பாக்கி. பழைய மருந்து, கிட்னிக்கு ஆகாது. வேற வழியில்லை. கொலிஸ்டின்னு பேரு."

அந்தப் பேரைச் செல்லமுத்து ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். "அது வெள்ளைப் பொடிங்களா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அதையும் கலக்கியிருக்கறனுங்க. கோழிக்குக் குடுக்கக் கூடாதுன்னு அரசாங்கம் சொல்ற வரைக்கும்."

பிரபா திருப்பூரிலிருந்து வந்து சேர்ந்த அன்றைக்கு மருந்து வேலை செய்தது. காய்ச்சல் இறங்கியது. அம்மாவின் நெற்றியைத் தொட்டு "சில்லுனு இருக்குதுப்பா" என்றாள் பிரபா. செல்லமுத்துவும் தொட்டுப் பார்த்து, மாரியம்மனுக்குக் கிடா நேர்ந்தான். ஆனால் சிறுநீரகம் திரும்பவில்லை. ரத்தத்தை மெஷினில் சுத்தம் செய்து பார்த்தார்கள். இதயம் அதற்கு ஈடுகொடுக்கவில்லை.

நடுவில் ஒரு தடவை ராஜம்மாளுக்கு நினைவு தெளிந்தது. நர்ஸ் பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தார். அவள் சப்பிப் பார்த்துவிட்டுக் கணவனைத் தேடினாள்.

"ஏனுங்க, என்னத்தைப் போட்டாங்க இதுல? இனிக்குது."

"வெறுந்தண்ணி புள்ள."

"வெறுந்தண்ணியா" என்றாள், நம்பாமல். மறுநாள் மத்தியானம் போய்விட்டாள்.

காரியம் முடிந்து பண்ணைக்குத் திரும்பியவன் முதல் வேலையாக ரம்பத்தை எடுத்துக்கொண்டு போய், தொட்டியடியிலேயே குழாயை அறுத்தான். பக்கத்து லைன் வீட்டுக்கும் அதே குழாய்தான் போயிருந்தது. அங்கே ஒடிசாவிலிருந்து புதிதாக வந்த ஒரு குடும்பம். அந்தப் பெண் வயிற்றுப் பிள்ளைக்காரி. தண்ணீர் நின்றதும் தன் பாஷையில் திட்டித் தீர்த்தாள்.

பாலசுந்தரம் வந்தார். "என்றா செல்லமுத்து, குழாயை எதுக்கு அறுத்தே? அந்தப் புள்ள குடத்தைத் தூக்கிட்டுப் போருக்கு நடக்குது, பாவம்."

"தண்ணி கசக்குதுங்க முதலாளி."

அவர் அறுந்த குழாயைக் காலால் ஓரமாகத் தள்ளினார். "சரி போ. ரெண்டாவது வரிசை வாடிக் கெடக்குது, பாத்தியா?" என்றார்.

பார்த்திருந்தான். தும்மலும் கேட்டிருந்தது. கோழிகளுக்கு வேறு குழாய் கிடையாது. பாட்டிலை எடுத்துக்கொண்டு தொட்டிமேல் ஏறி, ஊற்றி, கலக்கிவிட்டு இறங்கினான். பிறகு ராஜம்மாளின் குடத்தைக் கழுவி, ஒடிசாக்காரியின் குடத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு போருக்கு நடந்தான்.