வாரன் ஸ்டபிங்ஸ் கையுறை மாட்டிய நாள்

ஸ்கெல்பி டவுன் கால்பந்துக் கிளப்பில் இருபத்திரண்டு வருடம் சட்டை துவைத்தவள் நான். பெயர் ஐரிஸ். பார்வையாளர் மேடைக்கு அடியில் ஜன்னல் இல்லாத அறை. இரண்டு மெஷின், துணி காயப்போட ஆறு கயிறு, ஒரு டீக் கெட்டில். யார் எப்படி ஆடினார்கள் என்று ஆட்டத்தைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். முன்னால் ஆடுகிறவர்களின் சட்டையில் பின்பக்கம்தான் சேறு, அவர்களைத் தள்ளிவிடுவார்கள். வாரன் ஸ்டபிங்ஸின் சட்டையில் முன்பக்கம், பின்பக்கம், கைமடிப்பு, காலர் எல்லாமே சேறு. கூடவே ரத்தம். பாதி நாள் அது அவனுடைய ரத்தமாக இருக்காது.

அவன் டிஃபெண்டர். நடுவில் நின்று வருகிற பந்தையெல்லாம் தலையால் முட்டித் திருப்பி அனுப்புகிற வேலை. பதினாறு வயதில் ஒரு பெரிய கிளப்பில் பயிற்சிக்குச் சேர்ந்தான். பதினெட்டில் அங்கிருந்த மானேஜர் கூப்பிட்டு, "நல்ல பையன்தான், வேகம் பத்தல" என்று இரண்டே நிமிடத்தில் கணக்கை முடித்துவிட்டார். அதன் பிறகு மூன்றாவது டிவிஷன், நான்காவது டிவிஷன், மறுபடி மூன்றாவது. கிளப் கிளப்பாக இங்கிலாந்தின் மேலும் கீழும் போய்க்கொண்டே இருந்தான். எங்களிடம் வந்தபோது வயது முப்பத்தொன்று, நாங்கள் எட்டாவது கிளப்.

அவன் மனைவி லொரெய்ன் பல் மருத்துவரிடம் உதவியாளராக வேலை செய்கிறவள். "உனக்கு இப்படி ஊர் ஊரா மாறுறது கஷ்டமா இல்லையா?" என்று ஒருமுறை கேட்டேன். "அவனுக்குத்தான் கஷ்டம், ஐரிஸ். கால்பந்துக்கு எல்லா ஊர்லயும் ஆள் தேவைப்படாது. சொத்தைப் பல் எல்லா ஊர்லயும் இருக்கு" என்றாள்.

இரண்டு வருடம் எங்களுக்கு ஆடினான். அந்த இரண்டாவது வருடம், 1990, நாங்கள் படுமோசம். மே மாதம் வந்தபோது நான்காவது டிவிஷனில் கடைசி இடம். கடைசியில் நிற்கிற கிளப் லீக்கை விட்டே வெளியே போக வேண்டும். அறுபத்தெட்டு வருடமாக லீக்கில் இருந்த கிளப். ஒரே ஒரு ஆட்டம்தான் மிச்சம். எதிரி யார் தெரியுமா? எங்களுக்கு ஒரே ஒரு இடம் மேலே நின்ற ஆல்டர்பி. நாங்கள் ஜெயித்தால் அவர்கள் வெளியே. சமமாக முடிந்தால்கூட நாங்கள் வெளியே.

அந்த ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை, வாரன் சலவை அறைக்கு வந்தான்.

"ஐரிஸ், டீ இருக்கா?"

"இருக்கு. முகம் ஏன் இப்படி இருக்கு?"

"கடிதம் குடுத்துட்டாங்க. அடுத்த வருஷம் நான் வேணாமாம்."

"சனிக்கிழமை மேட்ச்சை வெச்சுக்கிட்டா? அறிவு இருக்கா அவனுங்களுக்கு?"

"கடிதம் குடுக்க நாளைக்குத்தான் கடைசித் தேதியாம். போர்டு சொல்லிடுச்சாம். ரான் என் முகத்தையே பாக்கல, பாவம்."

ரான் பிக்கர்ஸ்கில் எங்கள் மானேஜர்.

"என்ன பாவம்? அந்தாளு ஜட்டிக்குக் கஞ்சி போட்டு வெக்கிறேன் பாரு. நடக்கும்போது தெரியும்."

வாரன் டீ புரையேறச் சிரித்தான். நான் கேட்டேன்: "சனிக்கிழமை ஆடுவியா?"

"ஆடாம? அடுத்த வருஷத்துலருந்துதான தூக்கியிருக்காங்க, சனிக்கிழமைலருந்து தூக்கலயே."

சனிக்கிழமை மீன் பதனிடும் ஆலையில் மதிய ஷிஃப்ட்டுக்கு ஒருவரும் போகவில்லை. முதலாளியே மைதானத்தில் இருந்தால் யார் கேட்பது? கடல் பக்கமிருந்து காற்று தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. ஏழாயிரம் பேர். வழக்கமாக எங்களுக்கு ஆயிரத்தைந்நூறு பேர் வந்தாலே திருவிழாதான்.

நான் முதல் பாதி முழுக்கக் கீழேதான் இருந்தேன். பார்க்கத் தைரியம் இல்லை. நாற்பதாவது நிமிடம் தலைக்கு மேலே மேடை அதிர்ந்து, கெட்டில் அலமாரியிலிருந்து விழுந்தது. கோல்! எங்கள் கோல்! ஒன்றுக்குப் பூஜ்யம். அதற்குமேல் கீழே இருக்க முடியவில்லை. ஏறிப்போய் ஆட்டக்காரர்கள் வெளியே வரும் வாசலில் நின்றுகொண்டேன்.

இரண்டாவது பாதியில் வாரனைப் பார்க்க வேண்டுமே! ஆல்டர்பிக்காரர்கள் பந்தை உயர உயர அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அவன் முட்டி முட்டித் திருப்பினான். ஒருமுறை கோல் கோட்டிலேயே விழுந்து காலால் தடுத்தான். எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டான். துவைக்கப்போகிறவள் நான், இவன் எதற்குத் தட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

எண்பத்தோராவது நிமிடம் எல்லாம் தலைகீழானது. ஆல்டர்பி ஆள் ஒருவன் தனியாகப் பந்தோடு ஓடி வந்தான். எங்கள் கோல் கீப்பர் க்ளைவ் பாய்ந்து குறுக்கே விழுந்தான். இருவரும் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. நடுவர் விசிலை ஊதிப் பெனால்டி புள்ளியைக் காட்டினார். க்ளைவ் எழவில்லை. தோள்மூட்டு நழுவிவிட்டது. எங்கள் மருத்துவ உதவியாளர் கத்தரிக்கோலால் அவன் சட்டையை வெட்டி எடுத்தார். அந்தக் காலத்தில் மாற்று ஆட்டக்காரர் இரண்டே பேர்தான். இரண்டு பேரையும் ரான் ஏற்கனவே இறக்கியிருந்தார்.

"யாருக்குடா கோல் நிக்கத் தெரியும்?" என்று கத்தினான் கேப்டன்.

ஒன்பது பேர் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். வாரன் க்ளைவின் பக்கத்தில் மண்டியிட்டு, "கையுறையைக் குடு" என்றான்.

உடனே ரான் என்னைப் பார்த்துக் கூவினார்: "ஐரிஸ்! இன்னொரு கீப்பர் சட்டை எங்க?"

"துவைச்சுக் கொடியில போட்டிருக்கு!"

"காஞ்சிருக்கா?"

"சொட்டுது!"

"பரவால்ல, கொண்டா!"

எனக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. இரண்டு முழங்காலும் சரியில்லை. அந்தப் படிகளில் நான் இறங்கிய வேகத்தில் எந்த ஆட்டக்காரனும் இறங்கியிருக்க மாட்டான். பச்சைச் சட்டையைக் கொடியோடு பிடுங்கிக்கொண்டு திரும்பி ஓடினேன். கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள்ளேயே ஓடிவிட்டேன். நடுவர் என்னவோ சொன்னார், காதில் விழவில்லை.

வாரன் தலைவழியாக அதை இழுத்துவிட்டான். "ஐயோ, ஐஸ் மாதிரி இருக்கு!"

"போட்டுக்கடா, வாயாடாத!"

பெனால்டி அடிக்க வந்தவன் லெஸ் காட்டரில். அவனும் வாரனும் முன்பு வென்ஸ்பரி கிளப்பில் மூன்று வருடம் ஒன்றாக ஆடியவர்கள். ஒரே காரில் பயிற்சிக்குப் போவார்கள். பயிற்சி முடிந்ததும் லெஸ் இருபது பெனால்டி அடிப்பான். கீப்பர் குளிக்கப் போயிருப்பான், அதனால் வாரன்தான் கோலில் நிற்பான். தோற்றவன் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கித் தர வேண்டும். பெரும்பாலும் வாரன்தான் வாங்கினான்.

அன்று அவர்கள் பேசிக்கொண்டதைப் பிறகு இருவருமே என்னிடம் சொன்னார்கள்.

"என்ன லெஸ், எப்பவும் போல வலது மூலைதானா?"

"மூடிக்கிட்டுப் போய் நில்லுடா."

"இல்ல, எனக்குத் தெரியும்னு உனக்குத் தெரியும். அப்ப இடதா?"

"நடுவர் சார், இவனைப் பேசாம இருக்கச் சொல்லுங்க!"

"எனக்குத் தெரியும்னு உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியுமே லெஸ். அப்ப மறுபடி வலதா?"

"பைத்தியக்காரப் பயலே!"

வாரனுக்கு வேறு ஒன்றும் தெரியும். லெஸ்ஸுக்குக் குழப்பம் வந்தால் மூலை எதுவும் பார்க்க மாட்டான். தலையைக் குனிந்துகொண்டு நட்டநடுவில் பேயறை அறைவான். அதனால் வாரன் எந்தப் பக்கமும் பாயவில்லை. கைகளை விரித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

லெஸ் ஓடிவந்தான். தலையைக் குனிந்தான். அறைந்தான்.

பந்து நேராக வாரன் முகத்தில் இடித்தது. அங்கிருந்து எகிறி, குறுக்குக் கம்பத்தின் மேல் விளிம்பைத் தொட்டு, பின்னால் கூட்டத்துக்குள் போய் விழுந்தது. அந்தக் கூச்சலை நான் என்னவென்று சொல்வேன்! எனக்குப் பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். நான் லேசான ஆளும் இல்லை.

வாரன் மூக்கு உடைந்துவிட்டது. பச்சைச் சட்டையின் முன்பக்கம் சிவப்பு. "உன்னால முடியுமா?" என்று நடுவர் கேட்டார். "மூச்சு விட வாய் இருக்குல்ல" என்றான்.

இன்னும் ஏழெட்டு நிமிடம் இருந்தது. ஆல்டர்பி கார்னர் அடித்தது. பந்து உயர வந்தது. வாரன் எழும்பினான், எல்லோருக்கும் மேலாக எழும்பினான், எழும்பி அதைத் தலையால் முட்டினான்! கோல் கீப்பர் சட்டை போட்டுக்கொண்டு!

"கை! கை!" என்று மொத்த மைதானமும் அலறியது. "கையால பிடிடா மடையா!"

"மறந்துட்டேன்!" என்று கூட்டத்தைப் பார்த்துப் பதிலுக்குக் கத்தினான்.

அடுத்து ஒருவன் தப்பித் தனியாக வந்தான். கீப்பர் என்றால் கோலில் நிற்க வேண்டும் அல்லவா? வாரன் பெனால்டி கட்டத்தைவிட்டே வெளியே ஓடி, பதினைந்து வருடமாகச் செய்ததையே செய்தான். சறுக்கிப் போய்ப் பந்தைக் காலால் வெட்டி ஓரத்துக்கு அனுப்பினான். ரான் இரண்டு கையாலும் கண்ணை மூடிக்கொண்டு, "என்ன ஆச்சு? யாராவது சொல்லுங்களேன்!" என்று கெஞ்சினார்.

நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஆல்டர்பியின் பதினொரு பேரும் எங்கள் கோலுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார்கள், அவர்கள் கீப்பர் உட்பட. கடைசியாக ஒரு பந்து வந்தது. முழங்கால்களும் முழங்கைகளும் குவிந்த அந்த நெரிசலுக்குள் இரண்டு கையுறைகள் மேலே போனதைப் பார்த்தேன். பிடித்துவிட்டான்! பிடித்து, மார்போடு அணைத்துக் குப்புற விழுந்து கிடந்தான். மேலே நான்கு பேர் விழுந்தார்கள். நடுவர் கடைசி விசிலை ஊதினார். அவன் பந்தை விடவே இல்லை.

ஏழாயிரம் பேரும் மைதானத்துக்குள் பாய்ந்தார்கள். வாரனைத் தோளில் தூக்க வந்தவர்களை அவன் விலக்கிக்கொண்டு போனான். லெஸ் புல்லில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டிருந்தான். வாரன் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். அவர்களைச் சுற்றி ஊரே ஆடிக்கொண்டிருந்தது.

உடை மாற்றும் அறையில் ரான் வந்து, "அந்தக் கடிதத்தைக் கிழிச்சுப் போடு. இன்னும் ஒரு வருஷம் இரு" என்றார். "திங்கட்கிழமை சொல்றேன், பாஸ்" என்றான் வாரன்.

ஞாயிற்றுக்கிழமை லெஸ் ஃபோன் செய்தான். "எங்களைக் கீழ தள்ளினவன் நீதான். நீயே வந்து மேல தூக்கி விடு. எங்க மானேஜர் ரெண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் தர்றாரு."

திங்கட்கிழமை அவன் என்னிடம் வந்து சொன்னபோது நான் சட்டை பிழிந்துகொண்டிருந்தேன். "போயும் போயும் ஆல்டர்பிக்கா? ஊர்ல உனக்குச் சிலை வெக்கலாம்னு பேசிக்கிட்டு இருக்கானுங்க!"

"சிலைக்கு யாரும் ரெண்டு வருஷம் சம்பளம் குடுக்க மாட்டாங்க, ஐரிஸ். எனக்கு முப்பத்து மூணு ஆச்சு. லொரெய்ன் இப்பவே அங்க ரெண்டு பல் டாக்டருக்கு எழுதிப் போட்டுட்டா."

வீங்கிய மூக்கோடு சிரித்தான். நான் அவனை ஈரக் கையோடு கட்டிக்கொண்டேன்.

போன இடத்திலும் அவன் சும்மா இருக்கவில்லை. இரண்டாவது வருட முடிவில், ஏப்ரல் மாதம், என் வீட்டு ஃபோன் அடித்தது. பின்னால் பாட்டும் கூச்சலும் கண்ணாடி உடைகிற சத்தமும். முதலில் ஒன்றும் புரியவில்லை.

"ஐரிஸ்! வாரன் பேசுறேன்! மேல வந்துட்டோம்! ஆல்டர்பி மறுபடி லீக்ல! லெஸ் ரெண்டு கோல்! ஒண்ணு பெனால்டி!"

"எந்தப் பக்கம் அடிச்சான்?"

"அதை மட்டும் கேக்காத!"

பிறந்ததிலிருந்து ஸ்கெல்பி தவிர வேறொரு கிளப்புக்குக் கை தட்டாதவள் நான். கூடத்தில் ஃபோனைப் பிடித்தபடி, முழங்கால் வலியோடு, குதித்துக்கொண்டிருந்தேன். என் கணவர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "யாரு செத்தா?" என்று கேட்டார்.