டாக்டர் கைப்பேசியில் தட்டியது

வேலைக்காக நாங்கள் குடிவந்திருக்கும் பாணேரில், தமிழ் தெரியாத ஒரு புது டாக்டரிடம் அம்மாவைக் கூட்டிப் போயிருந்தேன். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். அவர் சொல்வதை நான் இந்தியில் சொல்ல, டாக்டர் கைப்பேசியில் தட்டிக்கொண்டே இருந்தார். யாரோடு சாட்டிங்கோ என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நீ ஆபீஸ் போயிட்டா பேச ஆளே இல்லடி. தனியா உக்காந்தா சோறு தொண்டைல எறங்க மாட்டேங்குது,” என்றார் அம்மா.

பசியில்லையாம் என்று டாக்டரிடம் சொன்னேன்.

மறுபடி தட்டினார். பொறுக்க முடியாமல், அப்படி என்னதான் எழுதுகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். டாக்டர் திரையை என் பக்கம் திருப்பினார். ஆங்கிலத்தில் இருந்தது:

‘நோயாளி நிறையப் பேசுகிறார். மகள் ஒரு வரியில் முடிக்கிறார். அடுத்த முறை தமிழ் தெரிந்த வேறொருவர் தேவை.’

“என்னடி எழுதியிருக்கு?” என்றார் அம்மா.

“பசிக்கு மாத்திரைம்மா,” என்றேன்.

அதையும் ஒரு வரியில்தான் முடித்தேன்.